அந்த 12 அங்குலம்

அமெரிக்க மஸில் கார்களைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும், ஃபோர்டு மஸ்டாங், செவர்லே கமாரோ, பான்டியாக் ஜிடிஓ, டாட்ஜ் சார்ஜர் என்று நான்கைந்து பெயர்களையே சுற்றிவந்து நின்றுவிடுகிறது. 1968 பிப்ரவரியில் வெளிவந்து, 1970ஆம் ஆண்டு மாடலோடு தனி வண்டியாக இருப்பதை நிறுத்திக்கொண்ட ஏ.எம்.எக்ஸ். அந்த வரிசையில் அரிதாகவே இடம்பெறுகிறது. இடம்பெறும்போதும், ‘குறைவாகவே செய்தார்கள், ஆகவே கூல்’ என்ற ஒற்றை வரியோடு விஷயம் முடிந்துவிடும். சோம்பலான வாதம் இது. மொத்தம் 19,134 வண்டிகள் என்பது திட்டமிட்டு உருவாக்கிய அருமை அன்று; வாங்க ஆள் போதவில்லை என்பதன் கணக்கு. கடைசி ஆண்டில் உற்பத்தி 4,116 மட்டுமே.

ஏ.எம்.எக்ஸ். கூல்தான். ஆனால் அதற்கான காரணத்தை ஏலக்கூடத்தில் தேடுவதில் பயனில்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில் தேட வேண்டும். நாஷ்-கெல்வினேட்டரும் ஹட்சனும் 1954இல் இணைந்து உருவான அமெரிக்கன் மோட்டார்ஸின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. அந்நிறுவனம் அறியப்பட்டிருந்தது ராம்ப்ளர் என்னும் சிக்கனக் காருக்காக. அறுபதுகளின் நடுவில் சந்தை இளைஞர்கள் பக்கம் திரும்பியபோது, புதிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அடியிலிருந்து உருவாக்கும் பணம் அதன் கையில் இல்லை. தலைமை வடிவமைப்பாளர் டிக் டீக், கையிலிருந்த ஜாவ்லின் காரை எடுத்தார். பின்னிருக்கையை நீக்கி, நீளத்தில் 12 அங்குலத்தை வெட்டினார். முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையிலான தொலைவு 109 அங்குலத்திலிருந்து 97 ஆயிற்று. செவர்லே கார்வெட்டைவிட ஓர் அங்குலம் குறைவு. விலை 3,245 டாலர், கார்வெட்டைவிட ஆயிரம் டாலருக்கும் மேல் மலிவு. நிறுவனத்தின் புதிய வி8 எஞ்சின்கள் அனைத்துக்கும் வெளி அளவு ஒன்றே. ஆகவே 390 கன அங்குல எஞ்சின், 315 குதிரைத்திறனோடு, தனி ஏற்பாடு எதுவுமின்றி இச்சிறு வண்டிக்குள் அமர்ந்தது. இதுவும் சிக்கனத்தின் விளைவே.

விளம்பரத்துக்கு வேண்டியதையும் செய்தார்கள். 1968 ஜனவரியில் கிரெய்க் பிரீட்லவ், டெக்ஸாஸின் சோதனைத் தடத்தில் ஏ.எம்.எக்ஸ். வண்டிகளை ஓட்டி 106 வேகச் சாதனைகளைப் பதிந்தார். ஒவ்வொரு காரின் டாஷ்போர்டிலும் ஓர் எண் பொறித்த தகடு பதிக்கப்பட்டது. அந்த எண்ணுக்கும் கார் தயாரான வரிசைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது தனி வேடிக்கை. இன்று சேகரிப்பாளர்கள் அத்தகட்டை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள்!

இனி வருவதே சிக்கலான இடம். 1970 ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினத்தன்று, அதே நிறுவனம் கிரெம்ளின் என்னும் சிறு காரை வெளியிட்டது. விமானத்தில் வாந்திக்கென்று வைக்கும் காகிதப் பையில் டீக் அதன் முதல் கோட்டுருவை வரைந்தார் என்ற கதை அமெரிக்காவில் பிரசித்தம். செய்முறை பழையதே: ஹார்னெட் காரை எடுத்து வெட்டினார்கள். 108 அங்குலம் 96 ஆயிற்று. இங்கும் துல்லியமாக அதே 12 அங்குலம்.

ஏ.எம்.எக்ஸை வெட்டியது துணிச்சல் எனப் போற்றப்படுகிறது. கிரெம்ளினை வெட்டியது அரை நூற்றாண்டாக நகைப்புக்குரியதாக இருக்கிறது. ஆனால் ஆறரை லட்சத்துக்கும் மேல் விற்றது கிரெம்ளின்தான். கூலான வண்டி தோற்றது. கேலிக்குள்ளான வண்டி ஊழியர்களின் ஊதியத்துக்கு வழி செய்தது. ஒரே நிறுவனம், ஒரே வடிவமைப்பாளர், ஒரே அளவு வெட்டு. அப்படியானால் தீர்ப்பு எதன்மீது நிற்கிறது?

உருவ விகிதத்தின்மீது என்பதே நேர்மையான விடை. ஏ.எம்.எக்ஸில் நீண்ட முன்பகுதி அப்படியே நிற்க, கதவுக்குப் பின்னால் உடல் சட்டென முடிந்து, பாயக் குந்திய விலங்கின் இறுக்கம் வந்தது. கிரெம்ளினில் வால் அறுந்த தோற்றமே மிஞ்சியது. கண் அழகைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது, அதில் குற்றமில்லை. ஆனால் அத்தீர்ப்பையே தொழில்நுட்ப வரலாறு என்று எழுதிவைக்கும்போது, வறுமையிலிருந்து வழி கண்ட பொறியியல், ஒரு வண்டியில் மேதைமையாகவும் மற்றொன்றில் கோமாளித்தனமாகவும் பதிவாகிவிடுகிறது. இலக்கிய வரலாறு எழுதுவோருக்கு இந்த விபத்து புதிதன்று.

அமெரிக்கன் மோட்டார்ஸ் 1970இல் ஜீப்பை வாங்கியது. மகிந்திராவின் வழியே இந்தியச் சாலைகளுக்கு நன்கு பழக்கமான அந்த ஜீப்புக்காகவே 1987இல் கிரைஸ்லர் நிறுவனம் அதை விலைக்கு வாங்கிற்று. கெனோஷாவில் கார் உற்பத்தி 1988 டிசம்பரில் நின்றது. ஏ.எம்.எக்ஸும் கிரெம்ளினும் உருவான அந்நகரில் எஞ்சியிருந்த எஞ்சின் ஆலையும் 2010இல் மூடப்பட்டது.