கிடையில் கிடக்கும் வேர்

அராபிடாப்சிஸ் நாற்றின் வேரை இடுக்கியால் பிடிக்கக் கூடாது. கடுகுக் குடும்பத்துச் சின்னஞ்சிறு செடி அது. ஐந்து நாள் நாற்றின் வேர் தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். விதையிலைக்குக் கீழே இடுக்கியின் ஒரு காலைக் கொடுத்து ஏந்தி, ஸ்லைடில் உள்ள நீர்த்துளியில் மிதக்கவிட வேண்டும். இது கைவர எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. மருந்தே படாத வேரிலும் திட்டுத் திட்டாகச் சாயம் தெரிந்த அன்றுதான் உறைத்தது: நசுங்கிய செல்லுக்குள் சாயம் கண்டபடி புகுந்துவிடும். அதுவரை நான் எண்ணிய புள்ளிகளில் எத்தனை செடியுடையவை, எத்தனை என் விரலுடையவை?

புள்ளி எண்ணுவதுதான் என் தொழில். செல்லின் வெளிச்சவ்வு ஓயாமல் உள்பக்கமாகக் கிள்ளப்பட்டு நுண்பைகளாகிறது. சில சவ்வுக்கே திரும்பும், சில சிதைவதற்குப் போகும். எஃப்எம் 4-64 சாயத்தை விட்டால் முதலில் செல்லின் விளிம்பு மட்டும் சிவக்கும். சில நிமிடங்களில் உள்ளே பொட்டுப் பொட்டாய்ச் சிவப்பு.

குப்பை அள்ளுகிற வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பைக் கெடுத்தது பின்1 புரதம். ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் செல்லுக்கு வெளியே தள்ளுவது அது. வேரின் நடுத்திசுவில் செல்லின் கீழ்ப்பக்கமாகவே இருக்கும். ஆக்சின் அங்கே நுனியை நோக்கி ஓடுவது அதனால்தான். பச்சையாக ஒளிரவைத்துப் பார்த்தால் ஆணியடித்து வைத்ததுபோல் இருக்கும். பூஞ்சையிலிருந்து கிடைக்கும் பிரெஃபெல்டின் ஏ மருந்தில், 50 மைக்ரோமோலார் செறிவில், ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தால் அந்தப் பச்சை உள்ளே உருண்டையாய்த் திரள்கிறது. புதுப் புரதம் உருவாவதை முன்கூட்டியே நிறுத்தினாலும் திரள்கிறது. அப்படியானால் அவை சவ்விலிருந்து உள்ளே வந்து, திரும்பும் வழி அடைபட்டவை. மருந்தைக் கழுவினால் பழைய இடத்துக்கே போய்ச் சேர்கின்றன. ஆணி எதுவும் இல்லை. போக்கும் வரவும் சரிக்குச் சரியாக இருந்திருக்கிறது, அவ்வளவே.

மருந்துப் பரிசோதனைகளை நான் அரைமனதோடுதான் நம்புவேன், ஒரு மருந்து பலவற்றைத் தாக்கும் என்பதால். 2003-இல் நிக்கோ கெல்ட்னரும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு அதற்கு விலக்கு. நுண்பைகளைத் திருப்பி அனுப்ப உதவும் க்னோம் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினார்கள். அந்தச் செடிக்கு மருந்தைக் கொடுத்தும் பின்1 இடம்விட்டு அசையவில்லை. க்னோம் பழுதான கருவோ வேரே விடாமல் உருண்டையாக நின்றுவிடுவதுண்டு.

ஒரே இடத்தில் இருக்க இவ்வளவு அலைச்சல் எதற்கு? நாற்று வளரும் தட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். வேர்மூடிச் செல்களில் பின்1-இன் உறவான பின்3 புரதம் சில நிமிடங்களிலேயே புதிய கீழ்ப்பக்கத்துக்கு மாறத் தொடங்குகிறது. ஆக்சின் அந்தப் பக்கம் சேர, வேர் வளைகிறது. எப்போதும் பயணத்தில் இருப்பதற்குத் திசை மாற்றுவது சுலபம்.

இதில் எனக்கொரு சங்கடம். நுண்நோக்கி மேடையில் வேர் கிடையாகத்தான் கிடக்கும். பார்க்க வைத்ததுமே அதைத் திருப்பிவிட்டோம் என்று பொருள். சில ஆய்வகங்களில் நுண்நோக்கியையே பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். எங்களிடம் அந்த வசதி இல்லை. ஸ்லைடை வைத்ததும் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.