365க்கு எதிரே ஒருவர்

அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் தனியாகக் கையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கை எவ்வளவு கனக்கும் என்று. மெயர் லண்டன் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அதைச் செய்தவர். 1917 டிசம்பரில் ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர் அறிவிக்க 365 பேர் ஆதரவு. எதிர்ப்பு இவர் ஒருவர்தான். 1918இல் தேசத்துரோகச் சட்டம் வந்தது. ராணுவச் சீருடையை இழிவாகப் பேசினால்கூட இருபது வருஷம் உள்ளே போகலாம். 293 பேர் சரி என்றார்கள். வேண்டாம் என்றவர் மறுபடியும் இவரேதான்.

ரஷ்யப் பேரரசின் லித்துவேனியப் பகுதியில் 1871இல் பிறந்த யூதர். இருபது வயதில் நியூயார்க் வந்து, 1898இல் வக்கீலானார். கட்சிக்காரர்களெல்லாம் ஈஸ்ட் சைடு தையல் தொழிலாளிகள். அவர்களிடம் ஃபீஸ் வாங்கி யார் பணக்காரர் ஆவது? 1910இல் 50,000க்கும் மேற்பட்ட மேலங்கித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது தொழிற்சங்கத்தின் வக்கீல் இவர். சமரசம் பேசியவர் பிராண்டைஸ்; பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். எதிராளியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, வரிவரியாகப் பேரம் பேசி ஒப்பந்தம் எழுதிய அந்தப் பழக்கம் கடைசிவரை இவரை விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1914இல் சோஷலிஸ்ட் கட்சி சார்பில் ஜெயித்தார். வேலையில்லாதவர்களுக்குக் காப்பீடு வேண்டும் என்று 1916லேயே சபையில் கேட்டார். 1917 ஏப்ரலில் ஜெர்மனியோடு போர் வேண்டாம் என்ற ஐம்பது பேரில் ஒருவர். ஆனால் போர் தொடங்கியபின், களத்துக்குப் போன சிப்பாய்க்கு முட்டுக்கட்டை போட மாட்டேன் என்றார். அவ்வளவுதான், சொந்தக் கட்சியின் இடதுசாரிகளுக்கே கோபம். தேசபக்தர்களுக்கோ இவர் துரோகி. பாலஸ்தீனத் தீர்மானத்துக்குக் கைகொடுக்காததால் சியோனிஸ்டுகளும் விலகினார்கள். 1918இல் இரண்டு பெரிய கட்சிகளும் கைகோத்து இவரைத் தோற்கடித்தன. 1920இல் ஜெயித்தார், 1922இல் மறுபடி தோல்வி. கொள்கைவாதி என்று இவரைப் புகழ்கிறவர்கள் இந்த நடுவழியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதனால்தான் பிடிக்கிறது.

1926 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செகண்ட் அவென்யூவைக் கடக்கும்போது டாக்ஸி மோதியது. சட்டைப்பையில் செகாவ் கதைப் புத்தகம் இருந்ததாம். சாகிற நேரத்தில் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: டிரைவர் ஏழை, அவன்மேல கேஸ் போட வேண்டாம்.