தஞ்சைக்குத் திரும்பிய வீணை

உங்கள் வீட்டில் ஒரு வீணை இருக்கிறதா? இருந்தால், அதைக் கடைசியாக வாசித்தது எப்போது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சரஸ்வதி பூஜையன்று உறையைக் கழற்றித் தூசி தட்டிச் சந்தனம் குங்குமம் இட்டதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உட்கார்ந்து, சுருதி கூட்டி, வாசித்தது எப்போது?

பதில் சொல்ல வாய் வரவில்லையல்லவா? எனக்கும் அப்படித்தான். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்து மூலையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, பச்சை வெல்வெட் உறைக்குள் என் வீணை நாற்பது வருஷத்துக்கு மேல் சாய்ந்து நின்றது. வருகிறவர்கள், "அடடே, வீணை வாசிப்பீர்களா?" என்பார்கள். "ஒரு காலத்தில்..." என்று இழுத்துவிட்டுக் காபி கலக்க உள்ளே போய்விடுவேன்.

அது வீட்டுக்கு வந்தது 1967-இல். எனக்கு அப்போது 14 வயது. அந்த வருஷம் நெல் விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டு அப்பா தஞ்சாவூருக்குப் போனார், வீணையோடு திரும்பினார். பெண்ணுக்குச் சங்கீதம் தெரிந்திருந்தால் வரன் சுலபமாகக் குதிரும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. கணக்குப் பொய்க்கவில்லை. 1973-இல் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு வர்ணம் வாசித்தேன். பாதியிலேயே, "போதும் குழந்தை, போதும்! பேஷாக வாசிக்கிறாய்" என்று கையமர்த்திவிட்டார் வருங்கால மாமனார். அந்த வர்ணத்தின் பின்பாதியை நான் யார் முன்னாலும் வாசித்ததேயில்லை. கல்யாணம், குழந்தைகள், ஆபீஸ், மாமியாரின் மூட்டுவலி... உங்களுக்குத் தெரியாததா?

அப்பா இருந்தவரை, எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றியதும் அவர் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகும். ஒன்றும் கேட்க மாட்டார். கேட்டிருந்தாலாவது ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

சென்ற ஆவணியில் அந்த வீட்டைக் காலி செய்து சின்ன அடுக்குமாடி வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. கட்டில் கொள்ளுமா, கிரைண்டர் கொள்ளுமா என்று அளந்து பார்த்தோம். வீணைக்கு இடமில்லை. வெளிநாட்டில் இருக்கும் பெண்ணைக் கேட்டேன். "பிளேனில் எப்படியம்மா தூக்கிக்கொண்டு வருவது? வித்துடேன்" என்றாள், ஒரே வார்த்தையில். பக்கத்து வீட்டு மாமியோ, "வீணையை விற்கிறதாவது! சரஸ்வதியையே விற்கிற மாதிரியடி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சரஸ்வதி இத்தனை வருஷமாய் உறைக்குள் மூச்சுமுட்டி நிற்கிறாளே, அதற்கு யார் கன்னத்தில் போட்டுக்கொள்வது?" என்றார் என் கணவர். அவர் எப்போதும் இப்படித்தான். வேண்டாத இடத்தில் நியாயம் பேசுவார்.

சென்னையிலேயே ஒரு வியாபாரி வந்து பார்த்தார். தந்தியைத் தொடக்கூட இல்லை. "ஹோட்டல் வரவேற்பறையில் அழகுக்கு வைக்கக் கேட்பாங்க" என்று சொல்லி ஒரு விலை சொன்னார். பழைய நாற்காலிக்குச் சொல்கிற மாதிரி! எனக்கு ஆத்திரமாக வந்தது. நாற்பது வருஷம் அழகுக்கு வைத்திருந்தவள் நான்தான் என்பது அந்த ஆத்திரத்தில் மறந்துபோயிற்று. பிறந்த ஊருக்கே கொண்டுபோய்க் கேட்போம் என்று தீர்மானித்தேன்.

இரவு ரயிலில் கீழ்ப் படுக்கை வீணைக்கு, மேல் படுக்கை எனக்கு. எழுபது வயதில் ஏணி ஏறிய கதையை எழுதப் போவதில்லை. அப்பா போன காலத்தில் அது மீட்டர் கேஜ் பாதை. விடியற்காலையில் கும்பகோணம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே வயல்களில் தண்ணீர் பளபளத்தது.

தஞ்சாவூரில் பெரிய கோயிலைப் பற்றி நான் எழுதி நீங்கள் படிக்க வேண்டியதில்லை. அரண்மனையையும் சரஸ்வதி மகால் நூலகத்தையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் சிவகங்கைப் பூங்காப் பக்கம் வீணை செய்கிறவர்களின் பட்டறைக்குப் போயிருக்கிறீர்களா? அடுத்த தடவை அவசியம் போங்கள். வாசலில் பலாக்கட்டைகள் அடுக்கிக் கிடக்கும். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருபவை. அறுத்த பலாமரம் மஞ்சள் கிழங்கை நறுக்கினாற்போல் இருக்கிறது. தரையில் மஞ்சள் தூள், வேலை செய்கிறவர் முழங்கையில் மஞ்சள் தூள், காபி டம்ளரில்கூட மஞ்சள் தூள். உளிச்சத்தத்தில் ஒரு தாளக்கட்டு இருக்கிறது.

ஒரு வீணையை ஒரே ஆள் செய்வதில்லை. குடம் குடைபவர் ஒருவர். யாளி முகமும் கொடியும் பூவுமாய் நகாசு செய்பவர் வேறொருவர். எல்லாம் முடிந்த பிறகு மேளம் கட்டுபவர் வருகிறார். வீணையில் 24 மெட்டுகள். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயிகள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஏற்பாடு இது. தேன்மெழுகில் குங்கிலியமும் கரித்தூளும் சேர்த்துக் காய்ச்சி, தண்டியின் மேல் இரண்டு வரப்பாக வார்த்து, மெழுகு இளகியிருக்கும்போதே ஒவ்வொரு மெட்டாகப் பதிக்கிறார்கள். அளவுகோல் இல்லை, காதுதான் அளவு. ஒரு நூல் தள்ளினால் காந்தாரம் அழும். 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அந்தக் கௌரவத்தில் பெரும்பங்கு இந்தக் காதுகளைச் சேர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நான் போன பட்டறையில் வயதான ஆசாரியார் ஒருவர் இருந்தார். "வாங்கம்மா, உக்காருங்க" என்று பாயை உதறிப் போட்டார். உறையைக் கழற்றினேன். அவர் வீணையைப் பார்க்கவில்லை, தடவினார். குடத்தை விரலால் தட்டினார். தண்டியின் நுனியில் கண்ணை வைத்து, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் நீளத்துக்கும் பார்த்தார். தண்டி வளைந்திருந்தால் எந்த மேளமும் நிற்காதாம். மேல்பலகை தவிர குடமும் தண்டியும் தலையும் ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையா, தனித்தனியாகச் செய்து பொருத்திய ஒட்டு வீணையா என்று இணைப்பைத் தேடினார். "ஒட்டுதாம்மா. ஆனா நல்ல கை செஞ்ச ஒட்டு" என்றார். ஏகாண்டம் என்று ஐம்பது வருஷம் எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன்!

அடுத்த பெருமைக்கும் ஆபத்து வந்தது. "இந்த வெள்ளைப் பட்டை தந்தம்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "தந்தம்னா இதை நான் வாங்கவும் கூடாது, நீங்க விக்கவும் கூடாது, தெரியுங்களா?" என்றார். தெரியாது! 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 1986-லும் 1991-லும் திருத்தி, தந்த வியாபாரத்தையே தடை செய்துவிட்டார்கள். பாட்டி காலத்துத் தந்தம் பதித்த வீணை உங்களிடம் இருந்தால், விற்பதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆசாரியார் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். எனக்கு நெஞ்சு படபடத்தது. "ரேகை ஒண்ணும் ஓடலை. பிளாஸ்டிக்குதாம்மா" என்றார். அவமானப்படுவதா, சந்தோஷப்படுவதா?

"சரி, என்ன விலை போகும்?" என்று கேட்டேன்.

"மேளம் கட்டாம விலை சொல்றது, கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணு பாக்கற மாதிரி. நாளைக்கு வாங்க" என்றார்.

அப்போதுதான் அவர் காட்டினார். சென்னை வெயிலில் நாற்பது கோடைகள் மெழுகு இளகி இறுகி, இளகி இறுகி, மெட்டுகள் ஒவ்வொன்றாய் இடம்பெயர்ந்திருந்தன. சில ஒருபக்கம் சாய்ந்தேவிட்டன. வாசிக்காத வீணை, வைத்தது வைத்தபடி இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். நான் பத்திரப்படுத்தியது மரத்தை மட்டுந்தான். வாசிக்கிறவர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை மெழுகைச் சுரண்டிவிட்டுப் புதிதாக மேளம் கட்டிக்கொள்கிறார்கள்; காதில் பேசூர் விழுந்ததும் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. உறைக்குள் இருக்கும் வீணையின் பேசூர் யார் காதில் விழும்?

மறுநாள் சாயங்காலம் போனபோது புது மெழுகு கறுகறுவென்று மின்னியது. ஏழு தந்திகளும் புதுசு. "வாசிச்சுக் காட்டுங்க" என்றார் ஆசாரியார். "எனக்கு மறந்துபோச்சு" என்றேன். "விரலுக்கு மறக்காதும்மா" என்று தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.

சரளி வரிசையில் ஆரம்பித்தேன். நாலாவது வரிசையில் விரல் எரிந்தது. பிறகு என்ன தோன்றியதோ, அந்த வர்ணத்தைத் தொட்டேன். பூர்வாங்கம் தட்டித் தடுமாறி வந்தது. அதற்குமேல் வரவில்லை. எங்கே தேடியும் வரவில்லை. உளிச்சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"மரம் நல்லா காஞ்சிருக்கும்மா, நாதம் சுத்தமா இருக்கு. இது படிக்கிற புள்ளைக்குப் போகணும், காட்சிக்குப் போகக் கூடாது. எங்கிட்ட விட்டுட்டுப் போங்க" என்றார். விலையைக் கேட்கிறீர்களா? மேளம் கட்டிய கூலியைக் கழித்தால், இரண்டு பேர் குளிர்சாதன வகுப்பில் சென்னைக்கும் தஞ்சாவூருக்கும் போய்வரும் செலவுக்குக் கொஞ்சம் கூடுதல். ஏகாண்டமாக இருந்தால் இன்னும் கிடைத்திருக்கும். வெறும் வெல்வெட் உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து டெலிபோன் வந்தது. திருவாரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. குரலில் பதினைந்து வயதுக்குமேல் இராது. ஆசாரியாரிடம் நம்பர் வாங்கியிருக்கிறாள்.

"ஆன்ட்டி, உங்க வீணையை நாங்கதான் வாங்கியிருக்கோம். யாளிப் பக்கத்துல சின்னப் பெட்டி இருக்குல்ல, அதைத் திறந்தேன். உள்ளே ஒரு கொண்டை ஊசி இருக்கு. அனுப்பட்டுமா?"

நகாசு மறைப்பில் அப்படி ஒரு அறை இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஊசியை எப்போது அதில் போட்டேன் என்றும் நினைவில்லை.

"அங்கேயே இருக்கட்டும்மா" என்றேன். "இப்போ என்ன பாடம் நடக்கிறது?"

"வர்ணம் ஆரம்பிச்சிருக்காங்க, ஆன்ட்டி."