மூன்றாம் எண் சட்டை

கால்பந்தாட்டச் சட்டையின் முதுகில் எண் வந்தது ஆடுபவரைப் பெருமைப்படுத்துவதற்காக அன்று; தொலைவில் நிற்பவர் அவரை அடையாளம் காண்பதற்காக. 1928 ஆகஸ்டு 25 அன்று இங்கிலாந்தில் ஆர்செனலும் செல்சியும் தத்தம் ஆட்டங்களில் எண்ணிட்ட சட்டையோடு இறங்கின. 1933 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் எவர்டன் 1 முதல் 11 வரையும் எதிரணியான மான்செஸ்டர் சிட்டி 12 முதல் 22 வரையும் அணிந்தன. அக்காலத்து எண் ஆளைச் சுட்டவில்லை, இடத்தைச் சுட்டியது. இரண்டு ரைட் பேக், மூன்று லெஃப்ட் பேக், ஒன்பது சென்டர் ஃபார்வர்டு. கிழக்கே இந்திரலிங்கம், தென்கிழக்கே அக்னிலிங்கம் என்று திசைக்கொரு லிங்கமாக மலையைச் சுற்றி வரும் திருவண்ணாமலைக்காரர்களான எங்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டது.

தொண்ணூறுகளில் எங்கள் கல்லூரி அணிக்கு இருந்தவை பதினோரு பனியன்கள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் ஒருவர், பழைய எக்ஸ்ரே தாளில் எண்களை வெட்டி, அதன்மேல் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்தார். நான்கு துவைப்புக்குப் பின் எட்டும் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். சீனியர் போட்டதை ஜூனியர் போடுவான். யாருக்கும் சொந்த எண் கிடையாது.

உலகம் அதற்கு வெகு முன்பே வேறு வழியில் போயிருந்தது. 1954 உலகக் கோப்பையிலிருந்தே ஆட்டக்காரருக்குத் தொடர் முழுவதும் ஒரே எண். 1978இல் அர்ஜென்டினா அகரவரிசைப்படி எண் வழங்க, நடுக்களத்தில் ஆடிய ஆர்டிலஸ் 2ஆம் எண்ணில் வலம் வந்தார். 1982இல் அவருக்கே 1! கோல்கீப்பர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. பிறகு எண்ணே ஆளாகிவிட்டது. நாபொலி 2000இல் மரடோனாவின் 10க்கு ஓய்வளித்தது. ஆட்டக் காலத்திலேயே இறந்துபோன கேமரூன் வீரர் ஃபோவின் 23ஐ 2003இல் மான்செஸ்டர் சிட்டி எடுத்து வைத்தது. நம் கிரிக்கெட்டிலும் 2017இல் சர்துல் தாக்கூர் 10ஐ அணிந்ததற்கு டெண்டுல்கர் ரசிகர்கள் கொதித்தார்கள். அது எங்களுக்குச் சற்று அதிகமாகவே பட்டது.

காரணம் உண்டு. எங்கள் லெஃப்ட் பேக் இறுதியாண்டில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். மூன்றாம் எண் பனியன் அவன் வீட்டில் இருந்தது. அடுத்த மாதம் போட்டி. அந்த எண்ணை இனி யாரும் போடக்கூடாது, புதிய பனியன் ஒன்று வாங்கி 12 என்று எழுதிக்கொள்வோம் என்றது எங்களில் ஒரு பாதி. வேறு நிறத்தில் ஒருவனை நிறுத்தினால் எல்லோர் கண்ணும் அவன்மேல்தானே இருக்கும் என்றது மறுபாதி. பேச்சு முற்றி இரண்டு நாட்கள் ஒருவரோடொருவர் பேசாமலும் இருந்தோம்.

2002இல் அர்ஜென்டினா இதையேதான் செய்து பார்த்தது. மரடோனாவின் 10ஐ விட்டுவிட்டு 24 வரை எண்ணிட்டுப் பட்டியல் கொடுத்தது. ஃபிஃபா ஏற்கவில்லை, ஒர்டேகா 10ஐ அணிந்து ஆடினார்.

எங்களுக்கு ஃபிஃபாவாக வாய்த்தவர் அவனுடைய அம்மா. துவைத்து, இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் சுற்றிய பனியனை அவரே மைதானத்துக்குக் கொண்டுவந்தார். "அடுத்து ஆடுற புள்ளைக்குக் குடுங்கப்பா" என்றார். முதலாண்டு மாணவன் ஒருவனிடம் கொடுத்தோம். அவன் ஒல்லி. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு லெஃப்ட் பேக் இடத்தில் போய் நின்றான்.