பழைய குரலும் புதிய வயலின்களும்

2018 டிசம்பரில் ஓர் இசைத்தொகுப்பு வெளியானது. கார்ப்பென்டர்ஸ் என்ற அமெரிக்க அண்ணன் தங்கை ஜோடியின் பழைய பாடல்களை எடுத்து, லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவின் இசையைச் சேர்த்துப் புதிதாக்கியிருந்தார்கள். பாடியவர் கேரன் கார்ப்பென்டர். அவர் 1983 பிப்ரவரி 4ஆம் தேதி, முப்பத்திரண்டு வயதில் இறந்துபோனவர். இறந்து முப்பத்தைந்து வருஷம் கழித்து, அவர் கண்ணால் பார்க்காத வாத்தியக்காரர்கள் அவர் குரலுக்குப் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறார்கள்.

என் வயதுக்காரர்களில் இந்த ஜோடியைக் கேட்டவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். இன்றும் பேசுகிறார்கள். நான் எந்தப் பக்கம் என்று கேட்டால் சட்டென்று சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அண்ணன் ரிச்சர்ட் 1946இல் பிறந்தவர், தங்கை கேரன் 1950இல். நானும் ஏறக்குறைய கேரன் வயதுதான். பிறந்தது நியூ ஹேவன் என்ற ஊரில். 1963இல் குடும்பம் கலிபோர்னியாவில் டவுனி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அண்ணனுக்குப் பியானோ. தங்கைக்கு முதலில் பாட்டு இல்லை, டிரம்ஸ். ராக் பாட்டும் எலெக்ட்ரிக் கிடாரும் கூச்சலிட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் மெதுவாக, தெளிவாக, வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பாடுவதுபோலப் பாடினார்கள். 1970இல் 'குளோஸ் டு யூ' வந்தது. அதற்குப் பிறகு உலகமெங்கும் அவர்கள் பாட்டுத்தான். கேரனுடையது பெண்களில் தாழ்ந்த ஸ்தாயிக் குரல். கீழே இறங்க இறங்க அதன் அழகு கூடும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு ஆங்கிலம் பின்னால் வந்த பாஷை. வகுப்பில் கற்றதைவிட இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் கற்றதுதான் அதிகம். மற்றப் பாடகர்கள் பாடினால் பாதி வார்த்தை புரியாது. கேரன் பாடினால் ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்து விழும். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வேன், அகராதியில் பார்ப்பேன். பிறகு அரசு வேலைக்கு வந்து ஆங்கிலத்தில் கோப்பு எழுத வேண்டியிருந்தபோது அந்த நோட்டுப் புத்தகம் கைகொடுத்தது. ஆகவே இந்தப் பெண்மணி எனக்கு ஒருவகையில் ஆசிரியை.

சரி, 2018க்கு வருவோம். இறந்த பாடகர்களின் குரலோடு வாத்தியக் குழுவைச் சேர்ப்பது அப்போது ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. எல்விஸ் பிரெஸ்லிக்கு 2015இல் செய்தார்கள். ராய் ஆர்பிசனுக்கு 2017இல் செய்தார்கள். ஆனால் அங்கெல்லாம் யாரோ மூன்றாம் மனிதர் செய்த வேலை. இங்கே அப்படியில்லை. வாத்தியங்களுக்கு ஸ்வரம் எழுதியதும், லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் குழுவின் முன் நின்று கோல் பிடித்ததும் ரிச்சர்டே. அப்போது அவர் எழுபது வயதைத் தாண்டியிருந்தார். 1970களில் அந்தப் பாட்டுகளுக்கு முதன்முதலில் வாத்திய அமைப்புச் செய்ததும் அவர்தான்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். நம் கச்சேரியில் பாடுகிறவர் மிருதங்கக்காரரைத் திரும்பிப் பார்ப்பார், அவர் தலையாட்டுவார், ஒருவரை ஒருவர் அனுசரித்துப் போவார்கள். இங்கே பாடகி திரும்பிப் பார்க்கமாட்டார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் எங்கே மூச்சு விட்டாரோ அங்கேதான் மூச்சு. எங்கே ஒரு எழுத்தை நீட்டினாரோ அங்கேதான் நீட்டல். அத்தனை பெரிய குழுவும் அந்த ஒரு குரலுக்குக் கட்டுப்பட்டு வாசிக்க வேண்டும். இதற்காகக் கேரனின் குரலைப் பழைய டேப்பிலிருந்து எடுத்து, கூடவே பதிவாகியிருந்த சின்னச் சின்ன இரைச்சல்களை இன்றைய கருவிகளால் நீக்கியிருக்கிறார்கள்.

இப்போது ரசிகர்கள் கதை.

ஒரு சாராருக்கு ஆனந்தம். என்னோடு காலையில் கடற்கரைச் சாலையில் நடக்க வரும் நண்பர் ஒருவர் இந்தக் கட்சி. "ஐம்பது வருஷமா கண்ணாடி போடாம பார்த்துக்கிட்டிருந்தேன், இப்பத்தான் கண்ணாடி போட்ட மாதிரி இருக்கு" என்றார். குரல் முன்னால் வந்து நிற்கிறது, மூச்சு கூடக் கேட்கிறது என்பது அவர் வாதம். ரிச்சர்டுக்கு அன்று அவ்வளவு பெரிய குழு கிடைக்கவில்லை, மனதில் கேட்டதை இப்போதுதான் வெளியே கொண்டுவர முடிந்தது, இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்கிறார்.

இன்னொரு சாராருக்குக் கோபம். எனக்குத் தெரிந்த ஒரு அம்மையார், ஓய்வுபெற்ற ஆசிரியை, இந்தக் கட்சி. "பாயசத்துல ஏற்கெனவே சர்க்கரை சரியா இருக்கு. மேலும் ரெண்டு கரண்டி போட்டா யார் குடிக்கிறது?" என்றார். முதல் பதிவுகளிலேயே வயலின் உண்டு, ஓபோ உண்டு. எல்லாம் அளவோடு இருந்தன. அந்த அளவுதான் கேரனின் தனிமையைக் காட்டியது. சுற்றிலும் இத்தனை பேரை உட்கார வைத்துவிட்டால் தனிமை எங்கே இருக்கும் என்பது அவர் கேள்வி.

மூன்றாவதாக ஒரு சிறு கூட்டமும் உண்டு. அவர்களுக்கு ஏமாற்றம். மாற்றம் போதவில்லையாம். பழைய பியானோவும் டிரம்ஸும் அப்படியே இருக்க, மேலே பூச்சுப் பூசியதுபோல இருக்கிறது, செய்வதென்றால் முழுதாகச் செய்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

மூவர் சொல்வதையும் நான் கேட்டுக்கொண்டேன். ஒரு விஷயம் தோன்றியது. 'மாற்றவே கூடாது' என்று சொல்பவர்கள், இந்த ஜோடி எப்படிப் பெயர் வாங்கியது என்பதை மறந்துவிடுகிறார்கள். 1969இல் இவர்களுடைய முதல் இசைத்தட்டு 'டிக்கெட் டு ரைட்'. அது பீட்டில்ஸ் பாட்டு. துள்ளலாக இருந்ததை மெதுவாக்கி, சோகப் பாட்டாக ஆக்கினார்கள். 'குளோஸ் டு யூ' பாட்டையும் இவர்களுக்கு முன்பே வேறு சிலர் பாடியிருந்தார்கள். பிறர் பாட்டைத் திருத்தி எழுதியே உயர்ந்த ஜோடிக்குத் தன் பாட்டைத் திருத்தும் உரிமை இல்லையா?

ரசிகர்களின் கோபம் எப்போதும் சரியாகவும் இருந்ததில்லை. 1972இல் 'குட்பை டு லவ்' என்ற பாட்டில் டோனி பெலூசோ என்ற இளைஞரை வைத்து, கரகரவென்று ஒலிக்கும் எலெக்ட்ரிக் கிடாரை ரிச்சர்ட் சேர்த்தார். மென்மையான பாட்டைக் கெடுத்துவிட்டீர்கள் என்று ரசிகர்கள் திட்டிக் கடிதம் எழுதினார்கள். இன்று அந்தக் கிடார் இல்லாமல் அந்தப் பாட்டை நினைக்கவே முடியாது. அதே ரசிகர்கள் இன்று அதில் கை வைத்தால் சண்டைக்கு வருவார்கள்.

அப்படியானால் ரசிகர்களின் வருத்தத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது.

கேரன் இறந்த பிறகு ரிச்சர்ட் பல பாட்டுகளைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சீர்செய்தார். ஒன்றில் பியானோவைப் புதிதாக வாசித்துச் சேர்ப்பார், இன்னொன்றில் ஒலிக்கலவையை மாற்றுவார். இப்படி மாற்றியவைதான் பிறகு வந்த பல சிடி தொகுப்புகளில் இடம்பெற்றன. பழைய நினைவில் ஆசையாக வாங்கி வீட்டில் போட்டுக் கேட்டால், ஏதோ ஒன்று இடிக்கும். அன்று ரேடியோவில் கேட்டது இது இல்லையே என்று மனசு சொல்லும். பெயர் அதே பெயர், படம் அதே படம், பாட்டு மட்டும் வேறு. முதலில் வந்த பதிவுதான் வேண்டும் என்றால் தேடி அலைய வேண்டும். தீவிர ரசிகர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவரும் குறை இதுதான்.

இது எனக்கு உடனே புரிந்தது. காரணம் என் உத்தியோகம். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். கோப்பில் ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்தாகிவிட்டால், அதை அழிக்கக் கூடாது. தாளை உருவிவிட்டு வேறு தாள் வைக்கக் கூடாது. கருத்து மாறிவிட்டதா? தாராளமாகக் கீழே புதிய குறிப்பு எழுதுங்கள், தேதி போடுங்கள், கையெழுத்திடுங்கள். மேலே உள்ளதும் இருக்கட்டும், கீழே உள்ளதும் இருக்கட்டும், படிக்கிறவர் முடிவு செய்துகொள்ளட்டும். இது சின்ன விதியாகத் தெரியும். ஆனால் எத்தனையோ ஏழைகளின் பட்டாவும் பென்ஷனும் இந்த ஒரு விதியால் பிழைத்திருக்கின்றன.

இந்தக் கணக்கில் பார்த்தால் 2018 தொகுப்பு நேர்மையானது. அட்டையிலேயே வாத்தியக் குழுவின் பெயர் இருக்கிறது. இது பழையது இல்லை, புதிய குறிப்பு என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறது. சொல்லாமல் மாற்றி வைத்த சிடிகள்தான் உருவி எடுத்த தாள்கள்.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்பீர்கள். எனக்கும் ஒரு தங்கை இருந்தாள். நன்றாகப் பாடுவாள். மேடை ஏறியதில்லை, வீட்டோடு சரி. 1981இல் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்து, அவளை இரண்டு பாட்டுப் பாடச் சொல்லிப் பதிவு செய்தோம். அந்த ஒரு கேசட்தான் இன்று மிச்சம். அவள் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது.

போன வருஷம் அவள் பையன் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஏதோ மென்பொருள் வைத்துச் சுத்தம் செய்து கொண்டுவந்தான். கூடவே மெல்லிசாகக் கீபோர்டும் சேர்த்திருந்தான். "மாமா, கேட்டுப் பாருங்க" என்று காதில் மாட்டிவிட்டான். உண்மையில் பிரமாதமாக இருந்தது. தங்கை எதிரில் உட்கார்ந்து பாடுவதுபோல இருந்தது. அவள் மகள் கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். "அம்மா மூச்சு விடறது கேக்குது மாமா" என்றாள்.

நானும் ரசித்துக் கேட்டேன். ஆனால் இரண்டாவது பாட்டில் ஓர் இடத்துக்காகக் காத்திருந்தேன், அது வரவில்லை. கேசட்டில் அந்த இடத்தில் சமையலறையிலிருந்து எங்கள் அம்மா இருமுவது கேட்கும். இருமிவிட்டு, "பால் பொங்குது பாரு" என்று யாரிடமோ சொல்வாள். எங்கள் அம்மாவின் குரல் உலகத்தில் வேறு எங்கும் பதிவாகவில்லை. மென்பொருளுக்கு அது இரைச்சல். பையன் மேலும் தப்பில்லை. பாட்டியைப் பார்க்காத பிள்ளை, அவனுக்கு எப்படித் தெரியும்?

அவனிடம் சொன்னேன்: "ரொம்ப நல்லா செஞ்சிருக்கப்பா. இதையும் வை, அதையும் வை. ரெண்டுக்கும் பெயர் எழுதி, தேதி போட்டு வை." அப்படியே செய்தான். இப்போது வீட்டில் இளையவர்கள் கேட்பது அவன் செய்தது. நான் கேட்பது பழையது. சண்டை இல்லை.

பிரெஞ்சில் 'அராஞ்ஷே' என்று ஒரு சொல் உண்டு. ஒழுங்காக அடுக்கி வைப்பதற்கும் அதுதான், பழுது பார்ப்பதற்கும் அதுதான், பாட்டுக்கு வாத்திய அமைப்புச் செய்வதற்கும் அதுதான். ரிச்சர்ட் செய்தது மூன்றும் சேர்ந்தது என்று நினைக்கிறேன். தங்கையை இழந்த அண்ணன், அவள் அறையை மறுபடி மறுபடி ஒழுங்கு செய்துகொண்டே இருக்கிறான். அதில் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேரன் இருந்திருந்தால் சம்மதித்திருப்பாரா? அவரும் தன் பாட்டைத் திரும்பத் தொட்டவர்தான். 'டிக்கெட் டு ரைட்'டை 1973 தொகுப்புக்காக மறுபடி பாடினார். 1970இல் பாடிய 'மெர்ரி கிறிஸ்துமஸ் டார்லிங்' பாட்டை, இன்னும் நன்றாகப் பாட முடியும் என்று 1978இல் மீண்டும் பாடினார். ஆனால் அவர் தன் வாயால் பாடினார். இப்போது அவருக்காக மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். அந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

என் சிபாரிசு இது. 'சூப்பர்ஸ்டார்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 பதிவில் முதலில் ஒத்திகைக்காகப் பாடி வைத்த குரலையே அப்படியே வைத்துக்கொண்டார்கள். வரிகளை ரிச்சர்ட் ஒரு காகித நாப்கினில் எழுதிக் கொடுக்க, அதைப் பார்த்து கேரன் பாடியது அது. அந்தப் பழைய பதிவை முதலில் கேளுங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டு 2018 பதிவைக் கேளுங்கள். எது பிடித்தது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். இரண்டும் பிடித்தது என்றாலும் எழுதலாம், அதில் ஒன்றும் வெட்கமில்லை.