தொட்டியில் தேங்கிய தண்ணீர்

 

நாள்தோறும் காலையில் உங்கள் பிள்ளைகளை ஏதேனும் ஒரு வண்டியில் ஏற்றி அனுப்புகின்றீர்கள். பையை எடுத்துக் கொடுக்கின்றீர்கள். சோற்றுப் பாத்திரத்தை மறந்துவிட்டார்களா என்று பார்க்கின்றீர்கள். வண்டி தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று துஆச் செய்கின்றீர்கள். அவ்வண்டியின் அடியில் தொங்கும் இரும்புத் தொட்டிகளைப் பற்றி எப்போதேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? நானும் எண்ணியதில்லை. எண்ணும்படி அல்லாஹ் எனக்கொரு பாடம் கற்பித்தான். என் தவற்றை மறைக்காமல் அப்பாடத்தை உங்கள் முன் வைக்கவே இதனை எழுதுகின்றேன்.

கடலோர ஊர் ஒன்றில் நான் மத்ரஸா ஆசிரியன். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பிள்ளைகளை அழைத்து வர எங்கள் மத்ரஸாவுக்குப் பழைய பேருந்து ஒன்று இருந்தது. அதனை மேற்பார்வையிடும் பொறுப்பை நிர்வாகத்தார் என்னிடம் ஒப்படைத்திருந்தனர். நானோ கல்லூரியில் வரலாறு படித்தவன். இயந்திரத்துக்கும் எனக்கும் வெகுதூரம். ஆயினும் அப்பொறுப்பு எளிதாகவே தோன்றியது. பதிவேடு ஒன்று இருந்தது. டீசல், டயர், விளக்கு என்று வரிசையாகக் கட்டங்கள் போட்டிருக்கும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு, 'ஏர் டேங்க் தண்ணீர்'. மாலைதோறும் ஒவ்வொரு கட்டத்திலும் அடையாளமிட்டுக் கீழே கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான்.

அப்போது ஓட்டுநராக இருந்தவர் அறுபதை எட்டிய பெரியவர். ஊரார் அனைவருக்கும் அவர் 'காக்கா'. அஸர் தொழுதுவிட்டு வந்ததும் கிளீனர் பையனை அழைத்துச் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கச் சொல்வார். பிறகு வண்டிக்கடியில் குனிந்து தொட்டிகளின் குழாயை ஒவ்வொன்றாகத் திறப்பார். 'புஸ்' என்ற பெருஞ்சத்தத்துடன் காற்றும் தண்ணீரும் சீறிப் பாயும். பிள்ளைகள் அதைக் கேட்டுக் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

ஒருநாள் நான் கேட்டேன்: "காக்கா, காற்றுத் தொட்டியில் தண்ணீர் ஏது?"

"சோறு கொதிக்கும்போது பானையின் மூடியை எடுத்துப் பாருங்க ஹஜ்ரத், தெரியும்" என்று சொல்லிச் சிரித்தார்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

காக்கா சொன்னதன் பொருளைப் பின்னாளில்தான் முழுமையாக உணர்ந்தேன். உங்களுக்கும் விளங்க வேண்டுமென்பதால் சற்று விரித்துரைக்கின்றேன்.

கார் போன்ற சிறு வண்டிகளில் பிரேக்கை இயக்குவது எண்ணெய். பேருந்து, லாரி போன்ற கனத்த வண்டிகளில் அந்த வேலையைச் செய்வது அழுத்தப்பட்ட காற்று. அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் ரயில்களை நிறுத்துவதற்காக 1869இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவே பிற்காலத்தில் சாலை வாகனங்களுக்கும் வந்தது. எஞ்சின் ஓடும்போது அதனோடு சேர்ந்து கம்ப்ரஸர் என்னும் கருவியும் ஓடுகிறது. அது வெளிக்காற்றை இழுத்து, ஏழெட்டு மடங்கு நெருக்கித் தொட்டிகளில் அடைக்கிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது அக்காற்று குழாய்கள் வழியே ஓடிச் சக்கரங்களைப் பிடித்து நிறுத்துகிறது.

நாம் சுவாசிக்கும் காற்றில் நீராவி கலந்திருக்கிறது. 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் வரை நீரைத் தாங்கும். கடலோர ஊர்களின் காற்று எப்போதும் ஈரம் மிகுந்தது. அதனை நெருக்கும்போது சூடேறுகிறது. தொட்டிக்குள் சென்று ஆறியதும், நெருக்கப்பட்ட அக்காற்றால் அவ்வளவு நீரையும் தாங்க இயலாது. தாங்காத நீர் துளித்துளியாய் அடியில் இறங்கித் தேங்குகிறது. கம்ப்ரஸரிலிருந்து கசியும் எண்ணெயும் அதில் சேர்ந்துவிட்டால் பால் கலந்த தேநீர் போல் ஆகிவிடும்.

இந்த நீரால் விளையும் தீங்குகள் பல. முதலாவது, காற்று இருக்க வேண்டிய இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. தொட்டி நிறைந்திருப்பதாக அளவுமுள் காட்டும். உள்ளே இருப்பில் இருக்கும் காற்றோ குறைவாக இருக்கும். இரண்டாவது, இரும்பு துருப்பிடிக்கிறது. துருவும் கசடும் வால்வுகளுக்குள் புகுந்து அடைக்கின்றன. குளிர் நாடுகளில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அந்நீர் குழாய்க்குள் உறைந்து பிரேக்கையே செயலற்றதாக்கிவிடும். அமெரிக்காவில் பேருந்து அளவிலான 'மோட்டார் ஹோம்' என்னும் நடமாடும் வீடுகளில் குடும்பங்கள் ஊர் ஊராகப் பயணம் செய்கின்றன. அவற்றுள் பெரியவற்றில் இதே காற்று பிரேக்தான். அங்கே பெரும்பாலும் குடும்பத் தலைவரே ஓட்டுநர். இந்த நீரை வெளியேற்றும் வேலையும் அவருடையதே.

நான் செய்த தவறு

2011இல் காக்கா முதுமையின் காரணமாக வேலையிலிருந்து நின்றுகொண்டார். போகும்போது சாவியை என் கையில் கொடுத்து, "எதை விட்டாலும் தொட்டித் தண்ணீரை மட்டும் விடாதீங்க ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டுப் போனார். இளைஞர் ஒருவர் புதிய ஓட்டுநராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் மத்ரஸாவின் நிதிநிலை நெருக்கடியானது. செலவைக் குறைக்க வழி கேட்டனர் நிர்வாகத்தார். கிளீனர் தேவையில்லை என்று சொன்னவன் நான்தான். பையனை நிறுத்தினோம்.

சில நாள்கள் கழித்துப் புதிய ஓட்டுநர் என்னிடம், "தொட்டித் தண்ணீரை இனி யார் திறந்து விடுவது, ஹஜ்ரத்?" என்று கேட்டார். அப்போது நான் தேர்வுத் தாள்களில் மூழ்கியிருந்தேன். "பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். பார்க்கவுமில்லை, சொல்லவுமில்லை. நான் வேறு ஏற்பாடு செய்துவிட்டதாக அவர் எண்ணிக்கொண்டார். வண்டி வழக்கம்போல் ஓடியது. நானும் வழக்கம்போல் எல்லாக் கட்டங்களிலும் அடையாளமிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்தேன், கடைசிக் கட்டம் உட்பட.

அந்த ஆண்டு மே மாத விடுமுறையில், சிறப்பு அனுமதி பெற்று 43 பிள்ளைகளைக் கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்றோம். சமவெளியில் ஒரு குறையும் தெரியவில்லை. மலை ஏறும்போதும் தெரியவில்லை. திரும்பி வத்தலக்குண்டு நோக்கி இறங்கும்போதுதான் தெரிந்தது. மலையிறக்கத்தில் பிரேக்கை அடிக்கடி மிதிக்க நேரிடும். மிதிக்கும்தோறும் காற்று செலவாகும். எங்கள் வண்டியிலோ இருப்பே சிறிது. வளைவுக்கு வளைவு அளவுமுள் இறங்கிக்கொண்டே வந்தது. திடீரென்று எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது.

பிள்ளைகள் அதுவரை பைத் பாடிக்கொண்டு வந்தார்கள். மணிச்சத்தம் கேட்டதும் பாட்டு நின்றது. ஓட்டுநரின் முகம் வெளிறியது. ஆனால் அவர் நிதானம் இழக்கவில்லை. பிரேக்கை மேலும் மிதிக்காமல் வண்டியைத் தாழ்ந்த கியரிலேயே வைத்து எஞ்சினின் பிடியில் மெல்ல இறக்கினார். டம்டம் பாறைக்கருகே சாலை அகன்றிருந்த இடத்தில் ஓரமாக நிறுத்தினார். நாங்கள் ஓடி இறங்கிச் சக்கரங்களுக்குக் கற்களை வைத்தோம். சின்னஞ்சிறுவன் ஒருவன் என் ஜிப்பாவைப் பற்றிக்கொண்டு, "உஸ்தாத், வாப்பாவிடம் போவோமா?" என்று கேட்டான். அந்தக் குரல் இன்றளவும் என் காதில் இருக்கிறது.

வேறொரு பேருந்தைப் பிடித்துப் பிள்ளைகளை மற்ற ஆசிரியர்களுடன் கீழே அனுப்பிவைத்தோம். ஓட்டுநரும் நானும் காத்திருந்தோம். வத்தலக்குண்டிலிருந்து மெக்கானிக் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அவர் முதலில் திறந்தது தொட்டிக் குழாயைத்தான். காற்று வரவில்லை, செம்பழுப்பு நிறத்தில் தண்ணீர் கொட்டியது. ஒரு வாளியைப் பிடித்தார். பாதிக்கு மேல் நிறைந்தது. வால்வு ஒன்றும் துருக்கசடு ஏறி இறுகியிருந்தது.

"எத்தனை நாளாச்சு பாய் இதைத் திறந்து?" என்று கேட்டார் அவர்.

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். எனக்கு நாவெழவில்லை.

கையெழுத்து யாருடையது?

ஊர் திரும்பியதும் பெற்றோர் எங்களை ஆரத் தழுவிக்கொண்டனர். "உஸ்தாதின் துஆ பரக்கத்தால் பிள்ளைகள் பிழைத்தார்கள்" என்று சிலர் சொன்னார்கள். வெட்கத்துடன் எழுதுகின்றேன்: மூன்று நாள்கள் அந்தப் புகழ்ச்சியை மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காக்காவைக் காணச் சென்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். கிளீனர் இல்லை, ஓட்டுநர் புதியவர், வண்டி பழையது என்று காரணங்களை அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நோட்டில் கையெழுத்து யாருடையது ஹஜ்ரத்?"

வாசகர்களே! அந்த வாரம் ஜும்ஆவுக்குப் பிறகு பெற்றோரையும் நிர்வாகத்தாரையும் அமரச் செய்து பதிவேட்டை அவர்கள் முன் விரித்துவைத்தேன். ஏறத்தாழ இரண்டு மாத காலம் நான் பார்க்காததைப் பார்த்ததாக எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். ஓட்டுநர் என்னிடம் கேட்டதையும், நான் அசட்டையாக இருந்ததையும் சொன்னேன். சிலர் கோபித்தார்கள், அது நியாயமே. ஒரு தாய் திரைக்கு அப்பாலிருந்து, "என் மகனை உங்களிடம் அமானிதமாகத்தானே தந்தேன்" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. பொறுப்பிலிருந்து நீக்கும்படி நானே கேட்டேன். நிர்வாகத்தார் நீக்கவில்லை. "இனி நீங்களே திறந்து விடுங்கள்" என்றார்கள்.

அன்று முதல் நானே திறந்தேன். காக்காவே உடனிருந்து கற்றுக் கொடுத்தார். நாளின் ஓட்டம் முடிந்ததும் வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். எஞ்சினை அணைத்துச் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். முகத்தைக் குழாய்க்கு நேரே காட்டக் கூடாது. கம்ப்ரஸரிலிருந்து காற்று முதலில் வந்து சேரும் தொட்டியில்தான் நீர் மிகுதியாகத் தேங்கும். அதனை முதலிலும் மற்றவற்றைப் பின்னரும் மெதுவாகத் திறக்க வேண்டும். தண்ணீர் முழுவதும் வடிந்து வெறுங்காற்றும் அடங்கிய பிறகே மூட வேண்டும். எண்ணெய் மிகுதியாக வந்தால் கம்ப்ரஸரில் தேய்மானம் இருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் 'ஏர் டிரையர்' பொருத்திய வண்டிகளில் தொட்டிக்குள் தண்ணீர் அதிகம் சேராது. அப்படியும் சேர்ந்தால் டிரையரின் உள்ளிருக்கும் பொருள் கெட்டுவிட்டது என்று பொருள், மாற்ற வேண்டும். காலையில் எஞ்சினை இயக்கி, அளவுமுள் உரிய இடத்துக்கு ஏறிய பின்னரே வண்டியை நகர்த்த வேண்டும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட வேலைதான். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் செலவு என்று எண்ணி மிச்சம் பிடித்தேன்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் வருகிறது. அதனைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கின்றேன். கட்டாத ஒட்டகத்தைக் கட்டியதாக எழுதிவைத்தவன் நான் என்பது டம்டம் பாறையில்தான் எனக்கு உறைத்தது. குறைவாயினும் இடைவிடாது செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்னும் நபிமொழியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியில் காண்கின்றோம். தொழுகைக்கும் திக்ருக்கும் மட்டுமே அதனைப் பொருத்திப் பார்த்து வந்தேன். பிறர் பிள்ளைகளைச் சுமக்கும் வண்டியின் அடியில், யாரும் காணாத மாலைப் பொழுதில் குனிந்து செய்யும் வேலைக்கும் அது பொருந்தும் என்பதைக் காக்காதான் தம் நடைமுறையால் எனக்கு உணர்த்தினார்.

காக்கா இன்று நம்மிடையே இல்லை. அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக! அந்தப் பழைய வண்டியும் போய்விட்டது. இப்போதிருக்கும் வண்டியில் டிரையர் உண்டு. எனினும் மாலைதோறும் குழாயைத் திறந்து பார்க்கும் வழக்கத்தை நான் விடவில்லை. பெரும்பாலும் வெறுங்காற்றுதான் வரும். பார்த்த பிறகே கையெழுத்திடுகின்றேன்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் பேருந்தில் செல்பவர்களாயின், அதன் பொறுப்பாளரிடம் ஒரு தடவை கேளுங்கள்: தொட்டித் தண்ணீரை யார் திறந்து விடுகிறார்கள்? எப்போது திறந்து விடுகிறார்கள்? கேட்பதில் தவறேதுமில்லை. பொறுப்பிலுள்ள சகோதரர்களே! கையெழுத்திடுமுன் எழுந்து சென்று பாருங்கள். ஓட்டுநர் கேட்கும் சிறு கேள்விக்கு அன்றைக்கே விடை சொல்லுங்கள்.

நம் கைகளில் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணிக் காக்கும் நல்லடியார்களாக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.