மணலின் பூர்வீகம்

குவாரிஸ்மில் 973-ஆம் ஆண்டு பிறந்த அல்-பீரூனியை, பூமியின் அளவைக் கணித்த அறிஞராக நம்மில் பலர் அறிவர். ஏறத்தாழ 1030-இல் இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய பெருநூலில், மண்ணைக் குறித்த ஒரு சிறு பகுதி உண்டு. நிலத்தைத் தோண்டினால் உருண்டு தேய்ந்த கற்கள் கிடைக்கின்றன. ஆறுகள் வேகமாகப் பாயும் மலையடியில் அவை பெரியவை. மலையை விட்டு விலக விலகச் சிறுக்கின்றன. கடலை நெருங்கும் இடத்தில் மணலாகிவிடுகின்றன. ஆகவே இச்சமவெளி, முன்பு கடலாக இருந்து ஆற்று வண்டலால் தூர்ந்த நிலம் என்று அவர் அனுமானித்தார்.

நாம் பாடம் நடத்தும் மத்ரஸாவில் இச்செய்தியைக் கூறியபோது ஒரு மாணவர் கேட்டார்: “ஹஜ்ரத், கல் முழுவதும் பொடியாகிவிட்டால், அது எந்த மலையுடையது என்று எப்படிச் சொல்வது?” இதைக் கேள்விப்பட்ட ஒரு தந்தையார் வேறொன்று கேட்டார்: “ஓத வந்த பிள்ளைகளுக்குக் கல்லாராய்ச்சி எதற்கு?” இரண்டும் நியாயமான கேள்விகளே.

முதற்கேள்விக்கு வேதியியல் விடை தருகிறது. கல் உடைந்து மணலும் சேறுமாகி, படிந்து இறுகி, மீண்டும் பாறையாகும்போது அதன் வடிவம் அழிந்துவிடுகிறது. சோடியமும் கால்சியமும் மழைநீரில் எளிதில் கரைந்து போகின்றன. ஆனால் தோரியம், ஸ்காண்டியம் போன்ற தனிமங்கள் நீரில் எளிதில் கரைவதில்லை. மண்ணோடு மண்ணாகப் பயணம் செய்கின்றன. கிரானைட் போன்ற பாறைகளில் தோரியம் மிகுதி. பசால்ட் எனும் எரிமலைப் பாறையில் ஸ்காண்டியம் மிகுதி. இவ்விரண்டின் விகிதத்தைக் கொண்டு, தாய்ப்பாறை எவ்வகையினது என ஊகிக்கலாம்.

கரைந்து போனவையும் ஒரு செய்தி சொல்கின்றன. அலுமினியம் எஞ்சி நிற்க மற்றவை எவ்வளவு குறைந்தன என்பதைக் காட்டும் குறியீட்டை நெஸ்பிட், யங் என்போர் 1982-இல் வகுத்தனர். சிதையாத கிரானைட்டில் அது ஏறத்தாழ 50. முற்றிலும் சிதைந்து வெண்களிமண்ணாகிவிட்டால் 100-ஐ நெருங்கும்.

அல்-பீரூனி கண்ட வண்டலின் தொடர்ச்சி இன்று வங்காள விரிகுடாவின் அடியில் கிடக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய மண், இலங்கைக்குத் தெற்கே நிலநடுக்கோட்டையும் தாண்டி, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளத்திற்கு விசிறிபோல் பரந்துள்ளது. 1987-இல் ஓர் ஆய்வுக் கப்பல் இலங்கைக்குத் தெற்கே அதைத் துளையிட்டது. எடுத்த மண்ணில் நியோடிமியம் என்னும் தனிமத்தின் ஐசோடோப்புகளை அளந்தனர். சமாரியம் மிக மெதுவாகச் சிதைந்து நியோடிமியமாக மாறுவதால், ஒவ்வொரு மலைத்தொகுதியின் வயதுக்கும் வரலாற்றுக்கும் ஏற்ப இவ்விகிதம் வேறுபடும். மண்ணாகிக் கடலில் படிந்த பின்பும் அது பெரிதும் மாறுவதில்லை. பெரும்பகுதி மண்ணின் அளவு, உயர் இமயத்தின் பாறைகளோடு ஒத்திருந்தது. ஏறத்தாழ 1.7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுக்கிலும் அப்படியே. அவ்வளவு காலத்திற்கு முன்பே இமயம் உயர்ந்து, தேய்ந்து, கடலுக்கு மண் அனுப்பிக்கொண்டிருந்தது என்பதற்கு அக்கடலடி மண்ணே சாட்சி.

மண்ணின் ஊரைக் கேட்டதோடு ஆய்வாளர் நிற்கவில்லை. அது பிறந்த இடம் எரிமலைத் தீவுகளின் வரிசையா, கண்டத்தட்டுகள் மோதும் விளிம்பா, அமைதியான கடற்கரையா என்றும் கேட்டனர். தீவு எரிமலை மணலில் சிலிக்கா குறைவு, இரும்பு மிகுதி. அமைதியான கரையின் மணலில் சிலிக்கா மிகுதி. சோடியத்தைவிடப் பொட்டாசியமும் மிகுதி. இதனடிப்படையில் 1983-இல் பாட்டியாவும் 1986-இல் ரோசர், கோர்ஷ் இருவரும் வரைபடங்கள் அமைத்தனர். அளவைக் குறித்தால் இடம் தெரியும் என்பது எதிர்பார்ப்பு.

2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிறப்பிடம் முன்னரே தெரிந்த வண்டல்களை அவ்வரைபடங்களில் இட்டுச் சோதித்தது. பல மாதிரிகள் தவறான கட்டத்தில் விழுந்தன. காரணங்கள் விளங்கக்கூடியவையே. கடும் மழை சோடியத்தை அகற்றிவிட்டால், இளம் எரிமலை மண்ணும் பழைய கண்டத்து மண்போல் தோன்றும். ஆற்றோட்டம் கனமான சிர்கான் மணிகளை ஓரிடத்தில் குவித்துவிட்டால் அளவு திரியும். பழைய மணற்பாறையே மீண்டும் உடைந்து வந்திருந்தால், அது சொல்வது பாட்டன் ஊரை. தந்தை ஊரை அன்று. ஆகவே, ஒரு தனிமத்தை மட்டும் நம்பி எவரும் தீர்ப்பளிப்பதில்லை. கரையாத் தனிமங்கள், ஐசோடோப்புகள், நுண்ணோக்கியில் தெரியும் மணிகள், பாறை கிடக்கும் இடத்தின் அமைப்பு ஆகிய அனைத்தும் ஒத்துப்போக வேண்டும்.

அத்தந்தையாருக்கு நாம் கூறிய விடையும் இதுவே. ஹதீஸ் கலை ஓதும் பிள்ளை, ஒரு செய்தி யார் வழியாக வந்தது, இடையில் எது சேர்ந்தது, எது விடுபட்டது என்று கேட்கப் பழகுகிறது. மணலை ஆராய்பவரும் அதே கேள்விகளைக் கேட்கிறார். இரண்டு கலைகளும் வெவ்வேறு. ஒன்று மற்றொன்றை நிரூபிக்க வரவில்லை. விசாரிக்கும் பழக்கம் ஒன்றே. கைப்பேசியில் வந்த செய்தியை வந்த வேகத்தில் அடுத்தவருக்கு அனுப்பிவிடும் இக்காலத்தில், ஒரு பிடி மண்ணைப் பற்றிப் பேசவே இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று அறிந்த பிள்ளை, ஒரு மனிதரைப் பற்றிப் பேசுமுன் சற்று நிதானிக்கும். அந்த நிதானத்தை வீட்டிலும் நாம் பழக்குவோமாக.